படித்தலும் எழுதுதலும்: முதியோர் எழுத்தறிவில் கணினி புகுந்த வரலாறு

1. முன்னுரை

எழுத்தறிவு என்னும் சொல் படித்தலையும் எழுதுதலையும் ஒருங்கே தழுவி நிற்பது. படிக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர் எழுத்தறிந்தவர் ஆவரோ என்னும் வினா, சொல்லளவில் சிறியதாகத் தோன்றினும், நம் நாட்டு முதியோர் கல்வி வரலாற்றில் பெரியதொரு வினாவாகும். 2000ஆம் ஆண்டில் கணினி முதியோர் வகுப்பறைக்குள் புகுந்தபோது இவ்வினா புத்துயிர் பெற்றது. அன்று வகுக்கப்பட்ட ஒரு முறை, முதியோர்க்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் படிக்கக் கற்பித்தல் கூடும் என்று கூறிற்று. எழுதுதலைப் பின்னைக்கு ஒதுக்கிற்று. அம்முறை தோன்றிய வரலாறு யாது, அதன் விரைவு எதனால் வாய்த்தது, அவ்விரைவின்பொருட்டு விடப்பட்டது யாது என்னும் மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை முதற்கண் தெளிவுறுத்தல் வேண்டும். கணினியைக் கற்பித்தல் வேறு. கணினியைக் கொண்டு எழுத்தறிவைக் கற்பித்தல் வேறு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2002 நவம்பரில் தொடங்கப்பெற்ற அட்சயா திட்டம், குடும்பத்திற்கு ஒருவரேனும் கணினியை இயக்கக் கற்றல் வேண்டும் என்னும் குறிக்கோள் உடையது. அது முன்னைய வகையைச் சார்ந்தது. இக்கட்டுரை பின்னைய வகையையே பொருளாகக் கொள்கின்றது.

2. அயல்நாட்டு முன்னோடிகள்

முதியோர் வகுப்பில் கருவியைப் புகுத்தும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. 1963ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியிலுள்ள அங்கிகோசு என்னும் ஊரில், பாவுலோ பிரெய்ரே என்னும் கல்வியாளர் ஏறத்தாழ 300 உழைப்பாளர்க்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் சோதனையை நடத்தினார். சுவரில் படம் வீழ்த்தும் ஒளிக்கருவி அவ்வகுப்புகளில் துணைநின்றது. மக்கள் வாழ்விலிருந்து எடுத்த ஒரு சொல் முதலிற் காட்டப்படும். அச்சொல் குறிக்கும் பொருளைப்பற்றி உரையாடல் நிகழும். பின்னர் அச்சொல் அசைகளாகப் பிரிக்கப்படும். செங்கல் எனப் பொருள்படும் ‘திஜோலோ’ என்னும் போர்த்துக்கீசியச் சொல், அவர்தம் முறையை விளக்குவார் பெரிதும் எடுத்தாளும் சான்றாகும். அச்சொல்லின் ஒவ்வோர் அசையும் ஐந்து உயிர்களோடும் உறழ்ந்து ஒரு வரிசையாக விரியும். நம் உயிர்மெய் வரிசையை அறிந்தார்க்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது. 1964இல் நிகழ்ந்த படைப்புரட்சியால் பிரெய்ரேயின் பணி தடைப்பட்டது. அவர் சிறைப்பட்டுப் பின் நாட்டை நீங்கினார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேறொரு நெறி வளர்ந்தது. இலினாய்ப் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டில் டொனால்டு பிட்சர் என்பார் ‘பிளேட்டோ’ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பைத் தொடங்கினார். 1972இல் வெளிவந்த அதன் நான்காம் வடிவம், தொட்டால் விடையை ஏற்கும் திரையினை உடையதாயிற்று. 1964ஆம் ஆண்டுச் சட்டமும் 1966ஆம் ஆண்டு முதியோர் கல்விச் சட்டமும் அந்நாட்டில் முதியோர் அடிப்படைக் கல்விக்கு அரசின் பொருளுதவியை நிலைநாட்டியிருந்தன. பிற்காலத்தில் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் பிளேட்டோவின் அடிப்படைத் திறன் பாடங்களை முதியோர்க்கெனவும் விற்பனை செய்தது. இவ்வமைப்பில் கற்பவர் ஒவ்வொருவரும் தனித்தனித் திரைமுன் அமர்வர்; வினாவிற்கு விடை தருவர்; தம்மால் இயன்ற வேகத்தில் மேற்செல்வர்.

இவ்விரு நெறிகளும் தம்முள் மாறுபட்டவை. அங்கிகோசில் கருவி எளியது, கூட்டம் முதன்மையானது. பல்கலைக்கழக மாணவர்கள் ஊக்கத்தோடு நின்று வகுப்புகளை நடத்தினர். பிளேட்டோவில் கருவி பெரிது, கற்பவர் தனியர். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய முறை, கணினியைக் கைக்கொண்டதாயினும், வகுப்பின் அமைப்பால் முன்னையதையே பெரிதும் ஒத்திருந்தது என்பது நோக்கத்தக்கது.

3. இந்தியாவில் கணினிக்கு முன்

1978 அக்டோபர் 2ஆம் நாள் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 15 முதல் 35 வயதிற்குட்பட்ட 10 கோடி மக்களை ஐந்தாண்டில் எழுத்தறிந்தவராக்குதல் அதன் குறிக்கோள். அதே ஆண்டில் தமிழ்நாட்டரசு 13 உயிர்மெய்களின் வரிவடிவத்தை ஒழுங்குபடுத்தி ஆணை பிறப்பித்தது. இவ்விரண்டும் ஒன்றன்பொருட்டு ஒன்று செய்யப்பட்டன அல்ல. எனினும் முதுவயதில் எழுத்தைக் கற்கத் தொடங்குபவர்க்கு வரிவடிவ ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அறிந்தார், இரண்டனையும் சேர்த்தே எண்ணுவர்.

1988 மே திங்களில் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைந்தது. 1990 பிப்ரவரியில் எருணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் அறிவொளி இயக்கம் பரவிற்று. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய பணி, பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதனோடு இணைந்து நாடெங்கும் அறியப்பட்டது. இவ்வியக்கத்தின் பாடநூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரத்தில் படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றனையும் மூன்று நூல்களின் வாயிலாகப் படிப்படியாகக் கற்பிக்கும் வகையில் அமைந்தன.

கற்றவர் எய்தவேண்டிய அளவுகளையும் இவ்வியக்கம் வரையறுத்தது. அவற்றை ஈண்டு எடுத்துரைத்தல் தேவையாகின்றது. வாய்விட்டுப் படிப்பதாயின் நிமிடத்திற்கு 30 சொல். வாய்க்குள் படிப்பதாயின் 35 சொல். பார்த்து எழுதுவதாயின் 7 சொல். பிறர் சொல்லக் கேட்டு எழுதுவதாயின் 5 சொல். கேட்டெழுதும் வேகம் வாய்விட்டுப் படிக்கும் வேகத்தில் ஆறில் ஒரு பங்கே என்பது இதனால் விளங்கும். எழுதுதல் அத்துணைக் கடினமான தொழில் என்பதை அளவு வகுத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஏர் பிடித்தும் களை பறித்தும் கல்லுடைத்தும் காய்த்துப்போன கைக்கு எழுதுகோல் எளிதில் வசப்படுவதன்று.

1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டின் எழுத்தறிவு 52.21 விழுக்காடு. 2001ஆம் ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 65 விழுக்காடாயிற்று. முந்தைய பத்தாண்டுகளை நோக்க இஃது உயர்ந்த வளர்ச்சியே. எனினும் ஆண்டிற்கு ஒரு விழுக்காட்டிற்குச் சற்றே மிகுதியான இவ்வளர்ச்சி போதாதெனக் கருதியவர் இருந்தனர். அவருள் ஒருவரே கணினியை இப்பணிக்குக் கொணர்ந்தார்.

4. பீரம்கூடாவில் தொடங்கிய முறை

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தைத் தொடக்க காலத்திலிருந்து நடத்தி வளர்த்தவர் எஃப்.சி. கோலி (1924–2020). இந்திய மென்பொருள் தொழிலின் தந்தை என இவரைக் கூறுவர். இவர்தம் முன்முயற்சியால் ‘கணினிவழிப் பயன்பாட்டு எழுத்தறிவு’ என்னும் முறை உருவாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஐதராபாத்து நகருக்கு அண்மையிலுள்ள பீரம்கூடா என்னும் சிற்றூரில் இது முதன்முதல் சோதிக்கப்பட்டது. அவ்வூர் அன்று ஆந்திரப் பிரதேசத்தின் மெதக் மாவட்டத்தில் இருந்தது. இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ளது.

இம்முறையின் இயல்புகள் நான்கு எனலாம். முதலாவது, இது புதிய பாடநூல் எதனையும் படைத்துக்கொள்ளவில்லை. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்களையே அடிப்படையாகக் கொண்டது. இரண்டாவது, தனியெழுத்தில் தொடங்காது, பொருளுடைய சொல்லில் தொடங்கியது. திரையில் சொல் தோன்றும். அதன் ஒலி கேட்கும். பொம்மலாட்டப் பாவைகள் போன்ற அசையும் படங்கள் அதன் பொருளை உணர்த்தும். மூன்றாவது, ஒரு வகுப்பிற்கு ஒரு கணினியே போதுமானதாயிற்று. ஏறத்தாழ 15 அல்லது 20 பேர் அதனைச் சூழ்ந்து அமர்வர். வகுப்பை நடத்துபவர் கணினியை இயக்குவார். அலுவலகங்கள் கழித்த பழைய 486 வகைக் கணினிகளும் இப்பணிக்கு ஏற்றனவாயின. நான்காவது, படித்தலையே இம்முறை இலக்காகக் கொண்டது. சில நூறு சொற்களைப் படிக்க அறிந்தவர் செய்தித்தாளையும் பேருந்துப் பலகையையும் அறிவிப்பையும் படித்தல் கூடும். படிக்கும் சுவையறிந்தபின் எழுதுதல் தானே தொடரும் என்பது இதன் கருத்து. பத்து வாரம், ஏறத்தாழ 40 மணி நேரம் என்று காலம் வகுக்கப்பட்டது. தெலுங்கில் தொடங்கிய பாடங்கள் பின்னர்த் தமிழ், இந்தி, மராத்தி, வங்காளம் முதலிய மொழிகளிலும் இயற்றப்பட்டன.

இம்முறையின் நலத்தைக் குறைத்துக் கூறுதல் முறையன்று. முதியோர் வகுப்பில் ஆசிரியராக நிற்பவர் பெரும்பாலும் அவ்வூர் இளைஞரே. அவர்க்குப் பயிற்சி குறைவு. ஊதியமோ இல்லை, அல்லது மிகச் சிறிது. ஓரூரில் நன்கு நடக்கும் வகுப்பு அடுத்த ஊரில் ஆசிரியர் குறையால் நலிவதை இயக்கத்தில் உழைத்தார் அனைவரும் அறிவர். கணினியோ எவ்வூரிலும் ஒரே பாடத்தை ஒரே தெளிவோடு ஒலிக்கும். நூறு முறை கேட்பினும் சலியாது. தவறியவரைப் பார்த்து நகையாது. பேரனுக்கு முன் எழுத்துக்கூட்டிப் படிக்க நாணும் மூதாட்டி ஒருத்திக்கு இச்சலியாமை பெருங்கொடையாகும். நல்லாசிரியர் அரியராய் உள்ள நாட்டில் ஓர் ஆசிரியரின் குரலைப் பல்லாயிரம் வகுப்பிற்குப் பகிர்ந்தளித்தமை கணினி செய்த உண்மையான உதவி.

5. மொழியமைப்பும் சொல்வழிக் கற்பித்தலும்

சொல்லை முழுவடிவாகக் கண்டு படித்தல் என்னும் கொள்கை ஆங்கில நாட்டுக் கல்வியாளரிடையே நெடுங்காலம் வழங்கியது. அதனை அவ்வாறே நம் மொழிகட்குப் பொருத்துதல் இயலாது. ஆங்கிலத்தில் ‘ஹவுஸ்’ என்னும் பெயர்ச்சொல், ‘வீட்டில்’ என்னும் பொருள் தரும்போதும் தன் வடிவம் மாறுவதில்லை. முன்னே வேறொரு சொல் வந்து நிற்கும். தமிழிலோ வீடு என்பது வீட்டில், வீட்டுக்கு, வீட்டை எனத் திரியும். மரம் என்பது மரத்தில் என அத்துச்சாரியை பெறும். தெலுங்கில் ‘இல்லு’ என்பது ‘வீட்டில்’ என்னும் பொருளில் ‘இண்ட்லோ’ என்றாகும். வினைச்சொற்களின் விரிவைக் கூறவே வேண்டா. ஆகவே 500 சொற்களின் வடிவத்தை மனத்திற் பதித்துக்கொண்ட ஒருவர், அச்சொற்கள் வேற்றுமையுருபும் விகுதியும் ஏற்று வரும் வரியைக் காணும்போது திகைப்பது திண்ணம். ஒட்டுநிலை மொழிகளில் சொல்வழி தொடங்கினும் எழுத்துவழி முடித்தல் வேண்டும். சொல்லைப் பிரித்து எழுத்தைக் காட்டும் முறையை அறிவொளிக் காலப் பாடநூல்கள் முன்னரே மேற்கொண்டமைக்குக் காரணம் இதுவே.

இவ்விடத்தில்தான் கணினித்திரை அச்சுநூலினும் ஒரு படி மேம்படுகின்றது. அச்சில் எழுத்து அசையாது நிற்கும். திரையிலோ ‘க’ என்பதனோடு கால் வந்து சேர்ந்து ‘கா’ ஆவதையும், கொம்பு முன்னே வந்து நின்றும் ஒலி பின்னே எழுவதையும் கண்ணெதிரே காட்டலாம். 1978ஆம் ஆண்டு ஒழுங்கு ஆகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளின் முரண்களை நீக்கியது. ஆயின் உகர ஊகார உயிர்மெய் 36உம் இன்றும் பல்வேறு வடிவினவாகவே உள்ளன. கு, சு, டு, து, மு என்பவற்றுள் உகரக்குறி ஒரே வகையாக இல்லை. இவற்றை இளமையில் கற்றவர்க்கு இவ்வேறுபாடு தோன்றுவதில்லை. நாற்பது வயதில் கற்பவர்க்கு ஒவ்வொன்றும் ஒரு தடை. அசையும் திரை இத்தடையைக் குறைக்கவல்லது. தமிழாசிரியர்கள் கணினிப் பாடம் வகுப்பாரோடு கூடி உழைக்கவேண்டிய இடம் இதுவென்று கருதுகின்றேன்.

6. விடப்பட்டது யாது

இனி, 200 மணியும் 40 மணியும் ஒப்பிடப்படும் முறையை ஆராய்வோம். ஐந்து மடங்கு விரைவு கணினியால் வந்தது என்று மேலோட்டமாகக் கூறுவாருளர். ஆயின் ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே பொருள் அல்ல. 200 மணி நேரத்தில் கற்பிக்கப்பட்டவை படித்தல், எழுதுதல், எண் என மூன்று. 40 மணி நேரத்தின் இலக்கு படித்தல் ஒன்றே. மேலும், படித்தலினும் எழுதுதல் பன்மடங்கு கடிது என்பதை அளவுகள் வாயிலாக மேலே கண்டோம். ஆதலின் மிச்சமான காலத்தில் ஒரு பகுதி கருவியின் பயன்; மற்றொரு பகுதி எழுதுதலை விட்டமையின் பயன். கணினி சிறிதும் இன்றி 1963இல் அங்கிகோசும் 40 மணி என்றே காலம் வகுத்தது என்பதையும் இங்கு நினைத்தல் தகும். நாற்பது மணி என்னும் எண்ணைக் கணினியின் வியப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

எழுதுதலை விட்டுப் படித்தலை மட்டும் பரப்பிய வரலாறு உலகில் முன்னரும் உண்டு. சுவீடன் நாட்டில் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஆடவர் பெண்டிர் அனைவரும் படிக்கக் கற்றல் வேண்டும் என விதித்தது. குருமார் வீடுதோறும் சென்று ஒவ்வொருவரின் படிப்பையும் சோதித்துப் பதிவேட்டிற் குறித்தனர். அதனால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அந்நாட்டில் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலராயினர். ஆயினும் எழுதுதல் பொதுமக்களிடையே பரவியது, 1842ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்திற்குப் பின்னரே. சட்டம் இயற்றினார்க்கு மக்கள் மறைநூலைப் படித்தல் போதுமானதாக இருந்தது. அவர்கள் தம் கருத்தை எழுதுதல் தேவையாகத் தோன்றவில்லை. பிறர் சொல்லைப் பெறுதல் படித்தல். தம் சொல்லைத் தருதல் எழுதுதல். இவ்வரலாறு காட்டும் உண்மை இதுவாகும். கோலியின் முறை அத்தகைய நோக்கம் உடையதன்று; எழுதுதல் பின்னர்த் தொடரும் என்றே அது கொண்டது. எனினும் பின்னைக்கு வைக்கப்பட்டது பலவிடங்களில் வாராதே போதலும் கூடும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதில் தெளிவான நிலை உடையது. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவருள், ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவரே எழுத்தறிந்தவர். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிந்தவர் அல்லர் என்று அவ்வரையறை வெளிப்படையாகக் கூறுகின்றது. அங்ஙனமாயின், நாட்டின் எழுத்தறிவு விழுக்காட்டை விரைந்து உயர்த்தும்பொருட்டு வகுக்கப்பட்ட முறை, தன் பாடத்தை மட்டும் முடித்தவரை அவ்விழுக்காட்டிற்குள் சேர்க்க இயலாததாகின்றது. இம்முரண் இதுகாறும் போதிய அளவு எடுத்துப் பேசப்படவில்லை.

கற்பவரின் விருப்பமும் ஈண்டு எண்ணத்தக்கது. அறிவொளி வகுப்பிற்கு வந்த பெண்களுட் பலர் முதலில் வேண்டியது தம் பெயரை எழுதக் கற்றலே. கைந்நாட்டு வைக்கும் நிலை மாறிக் கையொப்பம் இடும் நிலை வருதலை அவர்கள் பெருமையாகக் கொண்டனர். பிரான்சிஸ் கோடி என்னும் மானிடவியலார், புதுக்கோட்டை அறிவொளி பற்றி 2013இல் வெளியிட்ட நூலில் கையொப்பத்தையும் ஆட்சியரிடம் அளிக்கும் மனுவையும் தனித்து ஆராய்ந்துள்ளார். மனு என்பது எளியவர் அரசோடு பேசும் எழுத்து. அதனைப் பிறர் எழுதக் கைந்நாட்டு வைப்பதற்கும், தாம் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுவதற்கும், தாமே எழுதுவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்குக் கணினி வழியில் விரைந்து ஏறலாம். மூன்றாம் படிக்குக் கைப்பயிற்சி வேண்டும்.

7. தமிழ்மரபு தரும் சான்று

தொல்காப்பியம் எழுத்து என்னும் சொல்லை ஒலிக்கும் ஆள்கின்றது, வரிவடிவிற்கும் ஆள்கின்றது. ஒலியும் வடிவும் ஒருசொல்லால் வழங்கிய இம்மரபு திண்ணைப்பள்ளியிலும் தொடர்ந்தது. மாணாக்கர் மணலில் விரலால் எழுதிக்கொண்டே அவ்வெழுத்தை வாய்விட்டுச் சொல்வர். கண், வாய், கை, செவி நான்கும் ஒருங்கே தொழிற்படும். சென்னையில் 1789 முதல் ஆண் அனாதைப் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுச் சிறார் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு அது ‘சென்னை முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்திலும் பரவிற்று. மணற்பரப்பும் ஒரு கற்பிக்கும் கருவியே. விலையற்ற அக்கருவி படித்தலையும் எழுதுதலையும் பிரிக்கவில்லை. கணினித்திரை கண்ணையும் செவியையும் நிறைக்கின்றது. கையை வாளா விடுகின்றது. குறை கருவியின் இயற்கையில் இல்லை; பாடம் வகுத்த முறையிலேயே உள்ளது.

8. முடிவுரை

2020இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இயக்கம் ‘கற்போம் எழுதுவோம்’ என்று பெயர் பெற்றது. 2022 முதல் 2027 வரைக்கென வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், அடிப்படை எழுத்தறிவோடு மின்வழி அறிவையும் வாழ்க்கைத் திறன்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. கைப்பேசிச் செயலியையும் துணைக்கொண்டுள்ளது. அதன் தேர்வில் படித்தலுக்கு 50, எழுதுதலுக்கு 50, எண்ணறிவிற்கு 50 என 150 மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன. எழுதுதல் மீண்டும் தன் இடத்தைப் பெற்றிருத்தல் மகிழ்தற்குரியது. பேசினால் எழுத்தாக மாற்றும் கைப்பேசி வந்துவிட்டமையால் கையெழுத்து இனி வேண்டா என்பாரும் உளர். மாறி வந்த எழுத்தைச் சரிபார்க்கவும் திருத்தவும் எழுத்தமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். கையால் எழுதிப் பழகுவதே அவ்வறிவை உறுதிப்படுத்தும் எளிய வழி.

ஆராய்ச்சியின் முடிபுகளைத் தொகுத்துக் கூறுவோம். கணினி முதியோர் வகுப்பிற்குச் செய்த முதன்மையான உதவி, நல்லாசிரியர் இல்லாக் குறையை ஒருபுடை நிரப்பியமை. அதன் விரைவு முழுவதும் கருவியால் வந்ததன்று. எழுதுதலை ஒதுக்கியதும் அதற்குக் காரணம். ஒட்டுநிலை மொழிகளில் சொல்வடிவப் பதிவு மட்டும் போதாது. எழுத்துப் பகுப்பு வேண்டும். அதனைக் காட்டுதற்குத் திரை சிறந்த கருவி. ஆதலின் கணினிப் பாடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பின் கற்பவர் கையில் பலகையோ தாளோ தரப்பட்டு, திரையிற் கண்ட சொல்லை அவர் அன்றே எழுதிப் பார்க்க இடம் செய்தல் வேண்டும். அதனால் நாற்பது மணி அறுபதாகவோ எண்பதாகவோ நீளலாம். நீளினும், வகுப்பை விட்டு வெளியேறுபவர் பிறர் எழுதியதைப் படிப்பவராக மட்டும் அன்றித் தாம் வேண்டுவதை எழுதுபவராகவும் வெளியேறுவர்.